நம் ஏரி அவர்களுக்குச் சேற்றுக்குட்டையா?

சுரங்கத்துக்கு அனுமதி கேட்டு வரும் எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். சுரங்கத்தைச் சுற்றி வடிகால் வெட்டப்படும், மழைநீரோடு அடித்து வரும் மண்ணைப் பிடிக்க வண்டல் தொட்டி அமைக்கப்படும் என்று. தூசுக்கு ஒரு பக்கம், வெடிச் சத்தத்துக்கு ஒரு பக்கம், மரக்கன்று நடுவதற்கு வண்ணப் படத்தோடு நாலு பக்கம். இதற்கு மட்டும் ஒரு வரி. மிஞ்சினால் ஒரு பத்தி. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாமும் வேலை கேட்கிறோம், நிலத்துக்கு விலை கேட்கிறோம், தூசியைப் பற்றிச் சண்டை போடுகிறோம். அந்த ஒரு வரியை யாரும் தொடுவதில்லை. உழவர்கள் முதலில் பிடித்து உலுக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஏன் என்றால், சுரங்கத்துக்காரர் குட்டை கட்டினாலும் கட்டாவிட்டாலும் மண் எங்கேயாவது படிந்தே தீரும். மேட்டில் சுரங்கம், பள்ளத்தில் ஏரி. நடுவில் ஓர் ஓடை. அவர்கள் குட்டை சரியில்லை என்றால் நம்ம ஏரிதான் அவர்களுக்குப் படிவுக் குட்டை. வாடகை கிடையாது, தூர்வாரும் செலவு கிடையாது, கேட்பாரும் கிடையாது.

நான் இருப்பது அரியலூர் மாவட்டம். ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி இது. இன்றைக்கும் உழும்போது கல்லாகிப்போன கிளிஞ்சல் ஏர்க்காலில் தட்டும். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தேடித்தான் சிமெண்ட் ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல் அப்படியே தரைமட்டத்தில் கிடைத்துவிடாது. மேலே கரிசல், அதற்குக் கீழே சுண்ணாம்பு கலந்த களி, சில இடங்களில் சுக்கான். இவற்றை எல்லாம் வழித்தெடுத்து மேடு போட்டுவிட்டுத்தான் கல்லைத் தொட முடியும். அந்த மேடுகளைத்தான் 'டம்ப்' என்கிறார்கள். புல் பூண்டு இல்லாமல், ஒரு பிடி மட்கு இல்லாமல், ஒரு குன்று அளவுக்கு நிற்கும் வெற்று மண். ஐப்பசி மழை அதன் தலையில் இறங்கும்போது என்ன ஆகும் என்று உழவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். "வண்டல் வந்தா உங்களுக்கு நல்லதுதானே? அரசாங்கமே ஏரி வண்டலை இலவசமா அள்ளிக்கச் சொல்லுது. நாங்க கொண்டு வந்து கொட்டினா கசக்குதா?" சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நாமும் சில நேரம் வாயடைத்துப் போகிறோம்.

வண்டல் வேறு, இது வேறு. வண்டல் என்பது மேல்வயல்களின் தோல். ஆட்டுப் புழுக்கை, இலைச் சருகு, வேர்த் துணுக்கு, நுண்ணுயிர் எல்லாம் கலந்து வருவது. சுரங்க மேட்டு மண் பத்து இருபது அடி ஆழத்திலிருந்து வருவது. வெயிலே பாராதது. உயிர் இல்லாதது. அதில் சுண்ணாம்புத் துகள் வேறு. நம்ம மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மண். கார அமில நிலை 8-ஐத் தாண்டி நிற்பது. இன்னும் சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இருக்கிற இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை மஞ்சளடித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்புறம், மாவு மாதிரி இருக்கிற அந்த நைசான சேறு ஏரியின் அடியில் பூச்சுப் பூசிய மாதிரி படிந்துவிடும். ஏரியில் தண்ணீர் நிற்கும். பக்கத்துக் கிணற்றில் ஊறாது.

கொள்ளளவுக் கணக்கு இன்னும் நேரடியானது. 40 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஏரியில் 1 சென்டிமீட்டர் சேறு படிந்தால் 4,000 கன மீட்டர் தண்ணீருக்கு இடம் போச்சு. 40 லட்சம் லிட்டர். ஒரு விரல் தடிமனுக்கும் குறைவான சேற்றுக்கு இந்தக் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுரங்க விரிவாக்கத்துக்கான கூட்டம். நிறுவனத்தின் சார்பில் அறிக்கை தயாரித்த ஆலோசகர் திரையில் படம் போட்டு விளக்கினார். வண்டல் தொட்டி என்ற வார்த்தை வந்ததும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். எனக்கு மாமா முறை. ஆயக்கட்டில் தண்ணீர் பங்கீட்டுக்கு நின்றே வயதானவர்.

"தம்பி, அந்தத் தொட்டி என்ன அளவு?"

"10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் ஐயா."

"மீட்டர் எனக்குத் தெரியாது. எத்தனை குழி வரும்?"

ஆலோசகருக்குக் குழிக் கணக்கு தெரியவில்லை. "ஒரே குழிதான் ஐயா, பெரிய குழி" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு குழி 144 சதுர அடி. 100 சதுர மீட்டர் என்றால் ஏழரைக் குழி. "ஏழரைன்னு சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் இந்த உரையாடல் ஏறவில்லை.

கிண்டலாகச் சொன்னாலும் மாமா தொட்டது சரியான இடம். அவர் ஆழத்தைக் கேட்கவில்லை, பரப்பைக் கேட்டார். படிவுக் குட்டையின் சூட்சுமமே அதுதான். கணக்கைப் பாருங்கள், பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல்தான்.

வடிகாலில் வந்து சேரும் நிலப்பரப்பு 20 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை. வடகிழக்குப் பருவத்தில் இப்படிக் கொட்டுவது அதிசயமில்லை. ஒரு மணி நேரத்தில் விழுவது 10,000 கன மீட்டர். வெற்று மேட்டில் பத்தில் ஆறு பங்கு ஓடி வரும் என்றால் 6,000 கன மீட்டர். அந்த ஏழரைக் குழித் தொட்டி கொள்வது 300 கன மீட்டர். மூன்று நிமிடத்தில் ரொம்பிவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு சொட்டும் உள்ளே மூன்று நிமிடம் இருந்துவிட்டு வெளியே போகும். மூன்று நிமிடத்தில் மணல் படியும். வேறு ஒன்றும் படியாது.

மண் துகள் தண்ணீரில் இறங்கும் வேகம் அதன் பருமனைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள நைஸ் மணல் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம். 0.02 மில்லிமீட்டர் துகளுக்கு முக்கால் மணி நேரம். 0.01 மில்லிமீட்டருக்கு மூன்று மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களித் துகளுக்கு மூன்று நாளுக்கும் மேலே, அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். பருமன் பாதியானால் நேரம் நாலு மடங்கு.

இப்போது பரப்புக்கு வாங்க. 0.02 மில்லிமீட்டர் துகளைப் பிடிக்க ஆசைப்படுகிறோம். அது மணிக்குச் சுமார் 1.3 மீட்டர் இறங்கும். வருவது மணிக்கு 6,000 கன மீட்டர். 6,000-ஐ 1.3-ஆல் வகுத்தால் 4,600 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காற்று, சுழல், சமமில்லாத ஓட்டம் இதற்கெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 5,500 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 36 சென்ட். நம்ம கணக்கில் நாலு மாவுக்கு மேலே. அவர்கள் காட்டியது ஏழரைக் குழி. வேண்டியது நானூறு குழிக்கு மேலே!

ஆழத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குட்டையை இரண்டு மடங்கு ஆழமாக்கினால் தண்ணீர் உள்ளே இரண்டு மடங்கு நேரம் நிற்கும், சரிதான். ஆனால் துகள் அடியைத் தொட இரண்டு மடங்கு தூரம் இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை 1904-லேயே எழுதி வைத்துவிட்டார். ஆழம் எதற்கு வேண்டும் என்றால், படிந்த சேறு சேர்ந்து கிடக்கவும், மேலே ஓடும் தண்ணீர் அதை மறுபடி கிளப்பாமல் இருக்கவும். அந்த மட்டுக்குத்தான்.

இதே வகுத்தலை நம்ம 40 ஹெக்டேர் ஏரிக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6,000 கன மீட்டர் வந்தாலும் 4 லட்சம் சதுர மீட்டரில் பரவுகிறது. மணிக்கு 1.5 சென்டிமீட்டர் இறங்கும் துகள்கூட அங்கே படிந்துவிடும். அதாவது களி வரைக்கும். சுரங்கத்துக்காரரின் தொட்டி மணலைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஏரி ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். ஏரி எங்களுக்குத்தான் சேற்றுக்குட்டை என்று நான் ஆரம்பத்தில் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு அப்படித்தான் வருகிறது.

பரப்பு சரியாக இருந்தும் குட்டை உதவாமல் போகலாம். தண்ணீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது குறுக்கே புகுந்து ஓடிவிடும். மற்ற மூலைகள் சும்மா கிடக்கும். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஒரு தலையில் நுழைந்து மறு தலையில் வெளியேற வேண்டும். இடம் அப்படி அமையவில்லை என்றால் நடுவில் தடுப்பு வைத்துப் பாம்பு மாதிரி வளைத்து விடலாம். நுழையும் இடத்தில் ஒரு சின்ன முன்குட்டை இருந்தால் மணலும் சரளையும் அங்கேயே நின்றுவிடும். ஜேசிபி வைத்து அள்ளவும் சுலபம். வெளியேறும் தண்ணீரை மேல்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். கணக்கை மீறிய மழைக்குக் கல் பதித்த கலிங்கு தனியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் கரை உடைந்து வருடம் முழுக்கச் சேர்த்த சேறு ஒரே மூச்சில் இறங்கி வரும்.

இதெல்லாம் நமக்குப் புதுசா? பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒன்று வைத்தார்கள். மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. தெளிந்த தண்ணீருக்கு ஒரு வழி, சேற்றுக்கு ஒரு வழி. தண்ணீரையும் மண்ணையும் பிரிக்கும் வித்தை இந்த ஊர்க்காரனுக்குத் தெரிந்த வித்தை. ஆங்கில அறிக்கையைப் பார்த்து மிரண்டு உட்கார நமக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனாலும் எங்கள் பகுதிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே போட்ட கணக்கு 0.02 மில்லிமீட்டர் வரைக்கும்தான். கரிசலில் பாதிக்குப் பாதி அதைவிட நைசு. அதைப் பரப்பை வைத்து மட்டும் பிடிக்கப் பார்த்தால் சுரங்கம் அளவுக்குக் குட்டை வெட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். 2004-இல் வந்த மண் அரிப்புக் கையேடு. சுரங்கத்துக்கும் குவாரிக்கும் என்றே 2008-இல் தனித் தொகுதி போட்டார்கள். அதில் குட்டை வெட்டும் முன் மண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள். மண்ணை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: பருமண், நைஸ் மண், தண்ணீரில் கரைந்து பால் மாதிரி மிதக்கும் மண். பருமண்ணுக்கு மட்டும்தான் தண்ணீர் ஓடிக்கொண்டே படியும் குட்டை. மற்ற இரண்டுக்கும் தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஐந்து நாள் மழையைக் கணக்கில் வைத்துக் கொள்ளளவு போட்டு, மழை விட்ட ஐந்து நாளைக்குள் தெளிய வைத்துத் திறந்துவிட்டு, அடுத்த மழைக்குக் குட்டையைக் காலி செய்து வைக்க வேண்டும். தெளிய வைக்கப் பெரும்பாலும் அவர்கள் போடுவது என்ன தெரியுமா? ஜிப்சம்.

களர் நிலத்துக்கு நாம் போடுகிற அதே ஜிப்சம்தான். களர் மண்ணில் தேங்கும் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கியே நிற்கும். ஜிப்சம் போட்டால் களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்கும். நம்ம பாட்டிமார் பானைக்குள் தேத்தாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்ததும் இதே வேலைதான். படிகாரமும் அதையேதான் செய்கிறது. சுரங்கங்களில் படிகாரத்தோடு பாலிமர்களும் போடுவது உண்டு. அவற்றில் சில மீன் செவுளைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே என்ன போடுகிறார்கள், எவ்வளவு போடுகிறார்கள் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

சோதனைக்கு ஆய்வகம் எல்லாம் முதலில் வேண்டாம். மேட்டிலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்தால் சாதாரணக் குட்டை போதும். மறுநாள் காலையிலும் டீ மாதிரி நின்றால் அந்த மேட்டுக்குக் கீழே எப்பேர்ப்பட்ட ஓட்டக் குட்டை கட்டினாலும் வீண். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் களி சீக்கிரம் திரண்டுவிடுவதும் உண்டு. அதனால் ஒரே சுரங்கத்தில் இரண்டு மேடுகளின் தண்ணீர் இரண்டு விதமாகத் தெளியலாம். பாட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குட்டை கடைசிக் காவல்தான். மண்ணைத் தண்ணீரில் கலக்கவிட்டு அப்புறம் பிரித்தெடுப்பது, பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டுப் பிரிப்பது மாதிரி. மண் மேட்டிலேயே நிற்க வேண்டும். 20 ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து 12,000 கன மீட்டர் ஓடி வந்து, லிட்டருக்கு 5 கிராம் மண் கலந்திருந்தால் ஒரே மழையில் 60 டன். பத்து டன் டிப்பரில் ஆறு லோடு. லிட்டருக்கு அரை கிராம்தான் கலந்தது என்றால் 6 டன். எந்தக் குட்டைக்கு ஆயுசு அதிகம் என்று சொல்லவே வேண்டாம்.

மேட்டைப் படி படியாகக் கட்ட வேண்டும். மொத்தச் சரிவு 28 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஒவ்வொரு படியும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி அருவியாக விழாது. படியில் சேரும் தண்ணீரைக் கல் பதித்த சரிவு வாய்க்கால் வழியாகக் கீழே இறக்க வேண்டும். அடிவாரத்தில் தடுப்புச் சுவர், அதை ஒட்டி வடிகால். இது கட்டுமான வேலை. அவர்களுக்குத் தெரியும், செய்ய வைப்பதுதான் பாடு.

பசுமைப் போர்வை விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. வரிசையாக மரக்கன்று நட்டுப் படம் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வயதுக் கன்று மண்ணைப் பிடிக்காது. அதன் அடியில் தரை மொட்டையாகவே கிடக்கும். மழைத்துளியின் அடியைத் தாங்குவது தரையோடு தரையாகப் படர்ந்த புல்லும் மூடாக்கும்தான். இது நம்ம பாடம். வரப்பில் மண் கரையாமல் இருக்க வெட்டிவேர் நடுகிறோம். மட்கு இல்லாத நிலத்தை எழுப்பப் பலதானிய விதைப்பு செய்கிறோம். கொளுஞ்சியும் சணப்பும் கொழுக்கட்டைப்புல்லும் எவ்வளவு மோசமான மண்ணிலும் பிழைக்கும். சரிவில் தென்னை நார் விரிப்பு போட்டு விதைத்தால் முதல் மழைக்கு விதை அடித்துக்கொண்டு போகாது. சுரங்கம் தோண்டும்போது முதலில் வழிக்கும் ஒரு அடி மேல்மண்ணை ஆழத்து மண்ணோடு கலக்காமல் தனியாக, தாழ்வாகக் குவித்து, சீக்கிரமே மேட்டின் மேல் பரப்ப வேண்டும். உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் போட்டுவிட்டால் அதிலிருக்கும் உயிர் செத்துவிடும். நம்ம இயக்கத்து உழவர்கள் இதற்குத் திட்டமே போட்டுக் கொடுக்கலாம். சுரங்கத்துக்காரரோடு சேர்ந்து வேலை செய்வதா என்று சிலர் முகம் சுளிப்பது தெரியும். மேடு நாளைக்குப் போய்விடப் போவதில்லை. அதன் மேல் புல் முளைத்தால் லாபம் நம்ம ஏரிக்குத்தான்.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. சுரங்கத்தைச் சுற்றி வெட்டும் வடிகாலுக்கு 'கார்லண்ட் டிரெயின்' என்று பெயர். மாலை போட்ட மாதிரி சுற்றி வரும். மேல்வயல்களிலிருந்து வரும் நல்ல தண்ணீர் சுரங்கத்துக்குள் விழாமல் ஒதுக்கிவிடுவது ஒரு வடிகால். மேட்டிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீரைக் குட்டைக்குக் கொண்டுபோவது இன்னொன்று. குழிக்குள் சேர்ந்து பம்பு வைத்து இறைக்கும் தண்ணீர் மூன்றாவது. மூன்றையும் ஒரே வாய்க்காலில் விட்டால் குட்டை திணறிப்போகும். அதைவிட முக்கியம், ஒதுக்கிவிட்ட அந்த நல்ல தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? அது நம்ம ஏரியின் நீர்வரத்து. அதைக் கொண்டுபோய் வேறு ஓடையில் விட்டுவிட்டால் சேறு வராது, உண்மைதான், தண்ணீரும் வராது. வடிகால் வரைபடத்தில் நம்ம ஏரியின் வரத்து வாய்க்கால் எந்த இடத்தில் மறுபடி சேருகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தத் திட்டத்தை ஏற்கக் கூடாது.

சட்டத்தில் நமக்குப் பிடிமானம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சுரங்கங்களுக்கு ஒன்றிய அரசு கொடுக்கும் சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக ஒரு நிபந்தனை உண்டு: 50 ஆண்டு மழைப் பதிவை வைத்துத் திடீர்ப் பெருமழையைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் 50 விழுக்காடு கூடுதல் கொள்ளளவு வைக்க வேண்டும், மண் படியப் போதுமான நேரம் தண்ணீர் நிற்க வேண்டும், வடிகால்களைப் பருவமழைக்குப் பிறகு தூர்வார வேண்டும். நீர்நிலையில் விடும் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. மேலே பார்த்த 5 கிராம் அதைப் போல 50 மடங்கு.

அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சிக்கு வந்திருக்க வேண்டும், போய்க் கேளுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் தர வேண்டும். அதில் இந்த நிபந்தனைக்கு எதிரே 'நிறைவேற்றப்பட்டது' என்று ஒரு வார்த்தை இருக்கும். அளவு என்ன, கணக்கு என்ன, எப்போது தூர்வாரினீர்கள், வாரிய சேற்றை எங்கே கொட்டினீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். வாரிய சேற்றை அதே கரையில் குவித்துவிட்டு அடுத்த மழைக்கு அது உள்ளேயே விழுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். குட்டையில் பாதி சேறு ஏறியதும் அள்ள வேண்டும். நம்ம பக்கத்துக்கு எப்படியும் புரட்டாசிக்குள் அள்ளி முடித்திருக்க வேண்டும். ஐப்பசியில் மழை கொட்டும்போது ஜேசிபி உள்ளே இறங்காது.

புதுச் சுரங்கம், விரிவாக்கம் என்றால் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். சிறு கல்குவாரிகள் பலவற்றுக்குக் கூட்டமே கிடையாது. ஆனால் அனுமதி நிபந்தனைகள் அவற்றுக்கும் உண்டு. கிரஷர் தூள் அடித்து வரும் ஓடைக்கரையில் இருக்கிறவர்கள் அதை வாங்கிப் படியுங்கள்.

எங்கள் ஊரில் இந்த ஐப்பசிக்கு நாலு பாட்டில் வைக்கப் போகிறோம். ஒன்று சுரங்க வடிகால் வெளியே வரும் இடத்தில், ஒன்று ஓடையின் நடுவில், ஒன்று ஏரி வாயில், ஒன்று சுரங்கத் தண்ணீர் கலக்காத பக்கத்து ஓடையில். ஒவ்வொரு பெருமழைக்கும் நாலிலும் பிடித்து, தேதி, நேரம், மழையளவு எழுதி ஒட்டி, ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் ஒரு படம், மறுநாள் காலை ஒரு படம். மழைமானி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. பாட்டிலில் அடியில் நின்ற சேற்றை ஸ்கேல் வைத்து அளக்கும் வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 1 அறிக்கை வெளிவரும்போது எங்கள் நோட்டும் அதன் பக்கத்தில் இருக்கும்.